கார்னெட்டுக்குள் பெய்யாத மழை

இன்று காலை ஆய்வகத்து முதலுதவிப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது, பஞ்சுச் சுருளுக்கு அடியில், அமிலம் பட்ட இடத்தில் தேய்க்கும் கால்சியம் குளுகோனேட் களிம்பு ஒன்று கிடைத்தது. பாதி தீர்ந்த குழாய். நடுவில் நசுக்கியிருந்ததால் அது நீ பிதுக்கியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நான் கீழிருந்து ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டு வருவேன்; நீ பற்பசையைக்கூட நடுவில்தான் நசுக்குவாய். காலாவதியான மருந்து, எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கி வைக்க வேண்டும். வெளியே சாரல் பிடித்திருந்தது. நீ இல்லாமல் வந்திருக்கிற முதல் சாரல்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இப்படியொரு ஆய்வகம் இருக்கிறது என்பது இந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது. "புளோரின் வேலைக்கு இதைவிட ஆகாத ஊரு கெடைக்கவே கெடைக்காது" என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். உண்மைதான். கல்லுக்குள் இருக்கும் ஆக்சிஜனை வெளியே எடுப்பது நம் வேலை. கடுகைவிடச் சிறிய கார்னெட் துணுக்கை, அந்தக் கருஞ்சிவப்பு மணியை, நிக்கல் தட்டின் குழியில் வைத்து, மூடிய கலத்துக்குள் புளோரினைச் சுமந்துவரும் புரோமின் பென்டாஃப்ளோரைடு ஆவியை விட்டு, லேசரால் சுடுவோம். கல் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் புளோரின் உள்ளே புகுந்து ஆக்சிஜனைத் துரத்திவிடும். வெளியே வந்த ஆக்சிஜனில் கனமானது எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று பார்த்தால், அந்தக் கல் உருவானபோது எந்தத் தண்ணீர் அதைத் தொட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் புளோரினுக்கு ஈரம் ஆகாது. எங்கே துளி ஈரம் இருந்தாலும் அதிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கிக் கணக்கில் சேர்த்துவிடும். அப்படிப்பட்ட வேலையை ஆனி, ஆடியில் துவைத்த துணிகூடக் காயாத ஊரில் செய்துகொண்டிருந்தோம்.

நீ வேலைக்குச் சேர்ந்த அன்று நான் உன்னிடம் புத்தகத் தமிழில் ஏதோ கேட்டேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"எந்த ஊரு?"

"தென்காசி."

"பின்ன என்னட்டி வாத்திச்சி மாரி பேசுத?"

அன்றிலிருந்து நான் உனக்கு நூரு, நீ எனக்கு ஏட்டி. வாப்பா ஷார்ஜாவில் கடை வைத்திருந்த வீட்டுப் பெண் நான். நீ பண்பொழிக்காரி, போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவரின் மகள். இருவருக்கும் ஒரே வயது. நீ மலையேறிக் கல் கொண்டுவருவாய், நான் அதை இயந்திரத்தில் ஏற்றுவேன்.

முதல் வாரத்தில் ஒருநாள் வெற்றிட பம்பை நிறுத்தியதும் அறை அமைதியானது. டிக், டிக் என்று ஒரு சத்தம். "ஏட்டி, பையில கடிகாரம் வச்சிருக்கியா?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். சிறு வயதில் வந்த காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டது, மதுரையில் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள், அது திறந்து மூடும் சத்தம் என்றாய். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அதனால் சுத்தியல் லேசாகக் கையில் பட்டாலும் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போகும். அப்படியிருந்தும் நீ ஒரு குவாரியையும் விட்டதில்லை.

ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். ஒருமுறை நானும் உன்னோடு வந்தேன். ஊசி குத்த வந்தவரிடம் நீ கேட்டாய்: "அண்ணாச்சி, இந்த டெஸ்ட்டுக்கு ஊத்துத ரீஏஜென்ட் பாட்டில எப்பத் தொறந்திய?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"ஆமா. கல்லுக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டிலைத் திருப்பித் தேதியைக் காட்டினார். அதன் பிறகு நீ போகும்போதெல்லாம் கேட்காமலேயே காட்டுவார்.

இப்போது அந்த மழைக்கு வருகிறேன்.

அச்சன்கோவில் பக்கமிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாகத் தென்கிழக்கே ஒரு நீண்ட பட்டை ஓடுகிறது. பூமிக்கு வெகு ஆழத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய இடம். வானத்திலிருந்து விழுந்த மழைநீர் அந்தப் பட்டை வழியாக இறங்கி, இன்னும் கொதித்துக்கொண்டிருந்த பாறையைத் தொட்டிருக்கிறது என்பது உன் எண்ணம். யாரும் நம்பவில்லை. அவ்வளவு ஆழத்துக்கு மழை எப்படிப் போகும் என்று கேட்டார்கள். மழைநீரில் லேசான ஆக்சிஜன் கூடுதல். அது கலந்திருந்தால், கனமானதன் பங்கைக் காட்டும் எண், நாம் மதிப்பு என்று சொல்வது, உன் கார்னெட்டுகளில் இறங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு இறக்கத்துக்காகத்தான் நீ வருஷக்கணக்காகக் கல் பொறுக்கினாய்.

ஒரு ஆனி மாதம் மதிப்பு இறங்கியது. ஒன்றல்ல, வரிசையாக. பட்டைக்குள் எடுத்த கற்களில் இறக்கம், வெளியே எடுத்தவற்றில் அவ்வளவாக இல்லை. திரையைப் பார்த்துவிட்டு நீ துள்ளவில்லை, கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நூரு, கொஞ்சம் தண்ணி குடு" என்றாய். ஆய்வகத் தலைவர் சார் அன்றே ஐந்தருவிச் சாலைக் கடையிலிருந்து எல்லோருக்கும் அல்வா வாங்கிவரச் சொன்னார். வெளிநாட்டு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் போனது. பேச அழைத்துப் பதிலும் வந்துவிட்டது. உங்கள் அப்பா பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் நீ என் மேசைக்கு வந்து நின்றாய்.

"நூரு, கல்லுல இருக்க வேண்டியத விடக் கூட ஆக்சிஜன் வருதே. எப்படிட்டி?"

"கொஞ்சம்தான கூட வருது? எடை போட்டதுல பிசகியிருக்கும்."

"பிசகுனா ஒண்ணு ஏறும், ஒண்ணு எறங்கும். எல்லாம் ஒரே பக்கமாவா பிசகும்?"

ஒப்பிட்டுப் பார்க்க நாம் தினமும் முதலில் சுடுகிற தரக் கார்னெட் சரியாகத்தானே வருகிறது என்றேன். அதன் மதிப்பு உலகத்துக்கே தெரிந்தது. அது சரியென்றால் எல்லாம் சரி. நீ கேட்டாய்: "தரக் கல்ல எவ்வளவு பெருசா எடுக்கோம்? என் கல்லு எவ்வளவு சின்னது?"

உன் பட்டைக்குள் கிடைத்த கார்னெட்டுகள் மிகச் சிறியவை. அழுக்கில்லாத துணுக்காகப் பொறுக்கியதில் இன்னும் சிறுத்துப்போயின. ஒரு சிட்டிகை உப்பு ஒரு குடம் தண்ணீரில் கரித்துத் தெரியாது, ஒரு தம்ளரில் தெரியும். எங்கிருந்தோ வேற்று ஆக்சிஜன் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சேர்ந்தால், பெரிய துணுக்கு அதை மறைத்துவிடும், சிறியது காட்டிக்கொடுத்துவிடும். தரக் கல்லை உன் கல்லின் அளவுக்கு நுணுக்கிச் சுடச் சொன்னாய்.

சுட்டேன். அதுவும் இறங்கியது. எங்கோ வேறொரு நாட்டு மலையில் பிறந்த அந்தக் கல்லுக்குள்ளும் நம் குற்றாலத்து மழை பெய்ததாகக் காட்டியது இயந்திரம்.

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ வெள்ளைப் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமான குரலில் சொன்னாய்: "காத்து கசிஞ்சிருந்தா மதிப்பு ஏறணும். காத்துல கனமான ஆக்சிஜன்தான் கூட. இது எறங்குது. அப்ப தண்ணி. இது பாறைக்குள்ள பெஞ்ச மழை இல்லட்டி, நம்ம குழாய்க்குள்ள பெஞ்சது."

சாரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. உனக்காகத்தான் கவலைப்பட்டார்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சே, பிள்ள. ஒரு திருத்தம் போட்டுக் காட்டிரலாம்லா?"

"எவ்வளவு திருத்தணும்னு தெரிஞ்சா போடலாம் சார். எங்கேருந்து வருதுன்னே தெரியல்லியே."

"அதுக்குள்ள கண்டுபிடிச்சிர முடியாதா?"

"முடியலாம். முடியாமலும் போவலாம். முடிஞ்ச மாரி அங்கன போயி எப்படி சார் பேச?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நீயே மெயில் போட்டுரு" என்றார். நீ என் கணினியில் உட்கார்ந்து, பேச வரவில்லை என்று மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினாய். மூன்றே வரி. அனுப்பிவிட்டு, "அப்பாட்டதான் சொல்லணும். பாஸ்போர்ட் ஆபீஸ்ல எல்லாருட்டயும் பெருமையடிச்சிருப்பாவ" என்றாய்.

பிறகு தேடத் தொடங்கினோம். எல்லோரும் சந்தேகப்பட்டது புரோமின் பென்டாஃப்ளோரைடைத்தான். சிலிண்டர் புதிதாக மாற்றியது, மாற்றிய நாளில் மழை. திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உறையாமல் நிற்கும் வாயுவை உறிஞ்சியெடுத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைத்து, திரும்பத் திரும்பச் சுத்திகரித்தோம். சிறிய தரக் கல் அப்படியே இறங்கி நின்றது. அடுத்து லேசர் கலம். ஜன்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ரப்பர் வளையத்தை மாற்றி, விளக்குச் சூட்டில் நாள் முழுக்கக் காயவைத்து, கல் வைக்காமல் வெறும் புளோரின் ஆவியை விட்டு ஊறவைத்தோம். அப்போதும் இறக்கம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மிச்சமிருக்க எல்லாத்தையும் ஒண்ணா மாத்திருவோம்ட்டி. சரியாயிரும்."

"சரியாயிரும். எதனால கெட்டுச்சுன்னு தெரியாது. அடுத்த சாரலுக்குத் திரும்ப வந்து நிப்போம். ஒவ்வொண்ணா மாத்து."

உனக்கு அவசரப்பட எத்தனையோ காரணம் இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவசரப்பட்டது நான்தான்.

மிஞ்சியது உப்புக் குழாய். லேசர் சுட்ட பிறகு எஞ்சுகிற புளோரினை அப்படியே அனுப்பினால் அளக்கிற இயந்திரத்தையே அரித்துவிடும். அதனால் வழியில் பொட்டாசியம் புரோமைடு உப்பை அடைத்துச் சூடாக்கிய ஒரு குழாய் உண்டு; உப்பு புளோரினைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் விடும். சூட்டுமானியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நீ புறங்கையைக் குழாயின் அருகே கொண்டுபோய்ச் சுற்றிவந்தாய். மேல்பக்கம் தகித்தது. கீழ்ப்பக்கம் வெதுவெதுப்பு. குழாயைச் சுற்றியிருந்த சூடாக்கும் நாடாவின் ஒரு பாதி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. உணர்கருவி மட்டும் உயிரோடிருந்த பாதியில் ஒட்டியிருந்தது. மழைக்காலத்தில் நிரப்பிய உப்பு கீழே காயவே இல்லை. அடுப்படியில் உப்பு ஜாடி கசிகிற அதே சாரலில் இதுவும் கசிந்து கட்டிதட்டி, ஒவ்வொரு முறை புளோரின் வரும்போதும் தன் ஈரத்திலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனைக் கொடுத்தனுப்பியிருக்கிறது.

குழாயைக் குளிரவைத்து, திறந்து, கட்டியைக் கம்பியால் குத்தி எடுத்தது நான். கையுறையில் ஊசிமுனையளவு ஓட்டை இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ஈரமும் புளோரினும் சேர்ந்து அந்தக் கட்டியில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் ஊறியிருந்தது; அது உடனே வலிக்காது. சாப்பிட்டுக் கைகழுவும்போதுதான் ஆள்காட்டி விரல் நகத்துக்கடியில் யாரோ ஆணி இறக்குவதுபோல இருந்தது. நான் வாய் திறக்குமுன் நீ களிம்பை எடுத்து வந்துவிட்டாய். தண்ணீரில் கையைப் பிடித்து வைத்து, பிறகு பிதுக்கிப் பிதுக்கித் தேய்த்தாய். ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே வந்தாய். "அண்ணாச்சி, மெதுவாப் போறதா இருந்தா எறக்கி விட்டுருங்க, நாங்க நடந்தே போயிருவோம்" என்று ஓட்டுநரைத் திட்டினாய். அந்த அமிலம் எலும்புவரை போகும் என்று நர்சிடம் நீதான் விளக்கினாய். ஊசி போட்டுக் கட்டு கட்டிய பிறகுதான் உன் மூச்சு வாங்குவது எனக்குத் தெரிந்தது. உன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த டிக், டிக் அந்தச் சந்தடியிலும் கேட்டது. அவ்வளவு வேகம்.

"ஏட்டி, நீ உக்காரு முதல்ல. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"உனக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லட்டும். நீ சொல்லாத" என்றாய்.

விரல் பிழைத்தது. நகம் மட்டும் இன்றும் கொஞ்சம் கோணலாக வளர்கிறது.

புதிய நாடா, புதிய உப்பு. வெற்றிடத்தில் நாள்கணக்கில் சுட்டுக் காயவைத்தோம். சிறிய தரக் கல் ஒழுங்காகத் தன் இடத்துக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு உன் கற்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சுட்டோம். மிஞ்சியிருந்த துணுக்குகள் கொஞ்சம்தான், நீ மறுபடி குவாரிகளுக்குப் போய்ப் பொறுக்கிவந்தாய். பட்டைக்குள் எடுத்தவை, வெளியே எடுத்தவை, எல்லாம் ஒன்றுபோலவே வந்தன. இறக்கம் எங்கும் இல்லை. உன் மழை அந்தக் கார்னெட்டுகளுக்குள் பெய்திருக்கவில்லை.

கடைசி மதிப்பு வந்ததும் நீ பம்பை அணைத்துவிட்டு, "வா, ஐந்தருவிக்குப் போவோம்" என்றாய். உன்னால் அருவிக்கு அடியில் நிற்க முடியாது. தண்ணீர் அடித்தால் தோளெல்லாம் கன்றிவிடும். எப்போதும்போல என் பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாய். நான் குளித்துவிட்டு வந்தபோது மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தாய். சுளையை என்னிடம் நீட்டினாய்.

"வருத்தமா இருக்காட்டி?"

"இருக்கு. இல்லாம எப்படி?" அடுத்த பழத்தை எடுத்தாய். "ஒவ்வொரு கல்லு எடுக்கும்போதும் மழை பெஞ்ச மாரியே நெனச்சுக்கிடுவேன், பாத்துக்கோ. இனிமே அப்படி நெனைக்க முடியாது."

பிறகு நீயே சொன்னாய்: "ஆனா பெய்யல்லன்னு இப்ப நமக்குத் தெரியும். நேத்து வரைக்கும் அதுவும் தெரியாதுல்லா."

உப்பும் நாடாவும் செய்த வேலையைச் சிறு குறிப்பாக எழுதி, இதே வேலை செய்கிற மற்ற ஆய்வகங்களுக்கு அனுப்பினாய். கடற்கரை ஊரொன்றிலிருந்து ஒருவர் பதில் போட்டார்: தங்கள் குழாயிலும் கைவைத்துப் பார்த்தார்களாம், ஒரு பக்கம் ஆறியிருந்ததாம். அந்த மெயிலை நீ உங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். பாஸ்போர்ட் வீணாகவில்லை என்று அவர் எப்படியோ முடிவுகட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நமக்குச் சில நல்ல வருஷங்கள் கிடைத்தன. போன கார்த்திகையில் உனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. வால்வில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் நான் உன்னைப் பார்க்க வந்த அன்று டாக்டர் முடிவுகளோடு நின்றிருந்தார். மறுபடி அறுவை செய்தால் தாங்காது, மருந்தும் கேட்கவில்லை என்பதை மெதுவாகச் சுற்றிவளைத்துச் சொன்னார். நீ கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ எடுத்துப் பாப்பியளா சார்?" என்றாய். அவர் எரிச்சல்படவில்லை. புதிதாக ரத்தம் எடுத்து, வேறொரு இயந்திரத்தில் ஸ்கேனும் செய்தார்கள். மறுநாள் அதே முடிவு வந்தது.

நீ தலையாட்டினாய். உங்கள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி. இனி அதப் பத்திப் பேச வேண்டாம்" என்றாய் என்னிடம். "உங்க வாப்பா வந்துட்டாவளா? ஊர்ல இருக்கப் பிடிச்சிருக்கா? அதச் சொல்லு."

வாப்பா கடையை ஒப்படைத்துவிட்டு வந்ததையும், வந்த நாளிலிருந்து உம்மாவின் அடுப்படியைத் திருத்தியமைக்கப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்வதையும் சொன்னேன். நீ சிரித்தாய். சிரித்ததில் மூச்சு வாங்கியது. அப்படியும் "இன்னும் சொல்லு" என்றாய். அன்று சாயங்காலம்வரை வாப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தை பிறந்து கொஞ்ச நாளில் போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பண்பொழிக்குப் போனேன். உங்கள் வீட்டுப் பின்கட்டில் சாக்குச் சாக்காக நீ கொண்டுவந்த கல். "இதெல்லாம் என்னம்மா செய்ய? வெளிய கொட்ட மனசு வரல்ல" என்றார் உங்கள் அப்பா. "கொட்ட வேண்டாம் மாமா, நான் எடுத்துக்கிடுதேன்" என்றேன். வேனில் ஏற்றும்போது ஒவ்வொரு சாக்கையும் அவரே ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டார்.

நான் அதுவரை கல் எடுக்க ஒருநாளும் வெளியே போனதில்லை. கொண்டுவந்து தருவதைச் சுடுவதோடு சரி. உன் சாக்குகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான், பட்டையின் மேற்கு ஓரத்தில் நீ இன்னும் போகாத இடம் இருப்பது தெரிந்தது. கார்னெட்டுக்குள் பெய்யாத மழை வேறு கல்லில் பெய்திருக்கலாம். பெய்யாமலும் இருந்திருக்கலாம். தெரியாது. சாரிடம் சொல்லிவிட்டு, போன மாதம் ஒரு சுத்தியல் வாங்கினேன்.

நேற்று செங்கோட்டை தாண்டி, சாலைக்காக வெட்டிய ஒரு பாறைச் சரிவில் இருந்தேன். தூறல் நின்று வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. சுத்தியலைச் சரியாகப் பிடிக்க இன்னும் வரவில்லை. இரண்டு முறை பெருவிரலில் போட்டுக்கொண்டேன். முட்டிபோட்டு, முகத்தைப் பாறைக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்து, ஈரத்தில் பளபளத்த ஒரு கீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு பத்திக்கொண்டு போன அக்கா ஒருத்தி நின்றுவிட்டாள்.

"என்ன தாயி, ரொம்ப நேரமாத் தேடுதிய? எதையும் தொலச்சுட்டியளா?"

எழுந்து முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். உன்னைப்போலவே நானும் அந்தக் கல்லில் மழை பெய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த குச்சியை ஊன்றிக்கொண்டு, தானும் சேர்ந்து தேடத் தயாராக நின்றாள்.

"இல்லக்கா" என்றேன். "தொலைக்கல்ல. என்னட்டதான் இருக்கு."